மேடையையும் மறைப்பையும் பூட்டிய வேலாயுதம்

வேலாயுதத்துக்கு நாடகம் என்றால் வேப்பங்காய் என்று பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது சுத்தப் பொய். பினாங்கிலிருந்து நாடகக்காரர்கள் வந்தால் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் பாய் விரித்து உட்காருகிறவர் அவர். சிக்னல் கேபின் படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் ராஜபார்ட் பாட்டு ஒன்றைத் தப்பும் தவறுமாக முனகுவார். அப்படிப்பட்டவர்தான், தான் ஆசைப்பட்ட நாடகக் கொட்டகையைத் தானே தடுத்து நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று தெரிந்தால் யாருக்கும் அவர்மேல் கோபம் வராது.

கிள்ளான் பக்கத்தில் காப்பித் தோட்டங்களை அழித்துக் கித்தா என்கிற ரப்பர் நட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவர் பிறந்தார். தோட்டத்தின் ஓரமாகவே ரயில் போகும். தோட்டத்தில் யார் கூப்பிட்டாலும் ஓட வேண்டும். ஆனால் பச்சைக் கொடி பிடித்தவன் அசைக்கிற வரைக்கும் அவ்வளவு பெரிய இயந்திரமும் நின்று காத்திருக்கிறது. இந்த ஒரு காட்சியைப் பார்த்துத்தான் அவர் ரயில்வேயில் சேர்ந்தார். முதலில் சிக்னல் கம்பங்களில் ஏறி விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் வேலை. பிறகு தண்டவாளத்தைத் திருப்பிவிடும் பாயிண்ட்ஸ்மேன். கடைசியில் கேபினுக்குள் போய் லிவர் பிடித்தார். எண்களைத் தவிர இங்கிலீஷில் ஒன்றும் படிக்கத் தெரியாது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

கேபின் என்பது மாடியில் இருக்கும் மர அறை. அதில் ஆள் உயர இரும்புப் பிடிகள் வரிசையாக நிற்கும். அவைதான் லிவர்கள். ஒன்றை இழுத்தால் தூரத்தில் தண்டவாளம் நகர்ந்து வழி மாறும். இன்னொன்றை இழுத்தால் சிக்னல் கை இறங்கி, ரயிலை வரச் சொல்லும். இந்தப் பிடிகளுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், இரும்புப் பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பூட்டிக்கொண்டிருக்கும். வழியைச் சரியாகத் திருப்பாமல் சிக்னலை இழுக்கப் போனால் இரண்டு ஆள் சேர்ந்து தொங்கினாலும் பிடி அசையாது. முதலில் வழி, பிறகுதான் சிக்னல். கேபின்காரன் தூங்கி வழிந்தாலும் சரி, அவசரக்காரனாக இருந்தாலும் சரி, பூட்டு விடாது. வேலாயுதம் இந்தப் பூட்டின்மேல் சாமிமேல் வைக்கிற அளவு நம்பிக்கை வைத்திருந்தார்.

லயம் இரண்டு வரிசை. மேல் லயத்தில் கேபின், பட்டறை, ஸ்டேஷன் ஆட்கள். கீழ் லயத்தில் தண்டவாளத்துக்குக் கல் கொட்டும் கேங் ஆட்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பொதுக் குழாய், அதைச் சுற்றிச் சிமெண்டுத் தரை. ஆண்களுக்கு அது போதும். பெண்களுக்கும் அதுதான். பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு அவர்கள் அங்கேதான் குளிக்க வேண்டும். பக்கத்திலேயே கிள்ளானுக்குப் போகும் தண்டவாளம். விடிந்துவிட்டால் ரயிலில் போகிறவனெல்லாம் தலையை வெளியே நீட்டுவான். அதனால் இருட்டு கலைவதற்குள் குளித்துவிட்டு ஓடி வருவது பெண்களின் வழக்கமாகிவிட்டது. மழைக்காலத்தில் தரை முழுக்கப் பாசி.

அந்த இருட்டில்தான் ஒரு நாள் வேலாயுதத்தின் மனைவி இராஜம்மா வழுக்கி விழுந்தாள். கீழ் லயத்து மாரியாயிதான் அவளைத் தூக்கி வந்து வாசலில் உட்கார வைத்தவள். ஒடிந்த கை கூடிவிட்டது; ஆனால் கோணலாகக் கூடியது. அதன் பிறகு இராஜம்மாவுக்கு அந்தப் பக்கம் குடம் தூக்க முடியாது. ஜாக்கெட் போட்டுக்கொள்ளவே பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அதற்கு அடுத்த வருஷம் மகள் தனலெட்சுமி பெரியவளானாள். தாயும் மகளுமாக ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் இறங்கிப் போவதை வேலாயுதம் தினமும் பார்த்தார். அவருக்கு வேண்டியதெல்லாம் அந்தக் குழாயைச் சுற்றி ஒரு சுவர், ஒரு கதவு. அவ்வளவுதான்.

லயத்தில் தமிழர் சபை ஒன்று இருந்தது. பொங்கலுக்கு மறுநாள் கூட்டம் கூடும். ஆண்கள் மட்டும் கை தூக்குவார்கள். குழாயைச் சுற்றிப் பெண்களுக்கு மறைப்புக் கட்ட வேண்டும் என்ற தீர்மானம் அங்கே வருஷா வருஷம் வந்தது. ஒருவரும் எதிர்த்ததில்லை. எல்லாரும் கை தட்டி நிறைவேற்றினார்கள். பிறகு நாடகத்துக்குத் திரைச்சீலை வாங்கினார்கள். அடுத்த வருஷமும் கை தட்டினார்கள், ஆர்மோனியம் வாங்கினார்கள். அதற்கடுத்த வருஷம் இன்னும் பலமாகக் கை தட்டிவிட்டு, அரண்மனை வாசல் செய்யத் தச்சரை அழைத்தார்கள். மறைப்பு மட்டும் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிக்கொண்டே போனது.

இதற்கெல்லாம் சபைத் தலைவர் சின்னையா மேஸ்திரிதான் காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மை. சின்னையா கெட்டவர் இல்லை. கேங்குக்கு மேஸ்திரி, கணீரென்ற குரல், ராஜா வேஷம் கட்டினால் ரயில் சத்தத்தையும் மீறிக் கேட்கும். அவருக்குச் சொந்தமாக ஒரு கொட்டகை வேண்டும், அதில் நிஜமான மேடை வேண்டும். வேறு எது கண்ணில் பட்டாலும் அவர் மனசு அதைத் தாண்டி மேடைக்குப் போய்விடும். லயத்து ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அவர் கட்சி.

சபைக்குக் காரியதரிசி ராதாகிருஷ்ணன். அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. சட்டசபையில் வரப்போகும் மசோதாக்களை டைப் அடிப்பது அவர் வேலை. ஒரு நாள் மைதீன் காக்கா தேநீர்க் கடையில் வேலாயுதம் அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

"கிராணியாரே, நம்ம மறைப்புத் தீர்மானம் என்னாச்சு?"

"நிறைவேறிடுச்சே, வேலா. நான்தானே எழுதினேன்."

"சுவரு எங்க?"

ராதாகிருஷ்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். "நிறைவேறினது தீர்மானம்ப்பா. சுவரு இல்ல."

"அதான் கேக்குறேன். எங்க கேபின்ல இப்படி ஆகாது. வழியைத் திருப்பாம சிக்னல் விழாது. இங்க என்னன்னா வழி அப்படியே கெடக்கு, சிக்னல் மட்டும் வருஷா வருஷம் விழுது. நீங்க எதையாவது போட்டுப் பூட்டுங்க."

"எதை எதோட பூட்டுறது?"

"மறைப்பு நமக்கு வேணும்னு யாருக்கும் அவசரம் இல்ல. கொட்டகைன்னா எல்லாருக்கும் அவசரம். ரெண்டையும் பூட்டுங்க. மறைப்பு எழும்பாம கொட்டகைக்கு ஒரு குழி வெட்டக் கூடாது."

ராதாகிருஷ்ணன் சிரித்துவிட்டார். "அடப்பாவி! இதையேதான்யா கவுன்சில்லயும் சில நேரம் செய்யறாங்க. ரெண்டு மசோதா வரும். ரெண்டுலயும் கடைசில ஒரு வரி போட்டிருப்பாங்க. அது நிறைவேறினாத்தான் இது செல்லும், இது நிறைவேறினாத்தான் அது செல்லும். ஒன்னு விழுந்தா ரெண்டும் விழுந்துச்சு. ஒருத்தன் தனக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கிட்டு ஓடிடக் கூடாதுல்ல?"

"அப்போ துரைமாருங்களுக்குள்ளயும் ஒருத்தனை ஒருத்தன் நம்புறதில்லன்னு சொல்லுங்க."

"நம்பினா எனக்கு ஏது வேலை?" என்றார் கிராணி.

அன்றே, அந்தக் கடையிலேயே, ராதாகிருஷ்ணன் வாசகத்தைச் சொல்லச் சொல்ல வேலாயுதம் கேட்டார். புரியாத சொல் வந்தால் நிறுத்தினார். 'இயன்றவரை' என்ற சொல்லை எடுக்கச் சொன்னார். அதில் ஆள் நுழைந்து ஓடிவிடலாம் என்றார். கடைசியில் நின்றது இதுதான்: மறைப்புத் தீர்மானம் தோற்றால் கொட்டகைத் தீர்மானமும் தோற்றதாகும், கொட்டகைத் தீர்மானம் தோற்றால் மறைப்பும் அப்படியே, மறைப்பு வேலை முடியாமல் கொட்டகை வேலை தொடங்கலாகாது. தோற்ற தீர்மானத்தை மறு பொங்கல் வரை எடுக்கக் கூடாது என்பது சபையின் பழைய விதி. அதையும் ராதாகிருஷ்ணன் ஞாபகப்படுத்தினார்.

"யோசிச்சுக்க, வேலா. பூட்டு ரெண்டு பக்கமும் பூட்டும். கொட்டகை விழுந்தா உன் சுவரும் ஒரு வருஷத்துக்குப் போச்சு."

"மூணு வருஷமாப் போனதுதானே," என்றார் வேலாயுதம். ஆனால் அன்று அவர் வீட்டுக்குப் போகும்போது பாட்டு வரவில்லை.

செய்தி லயம் முழுக்கப் பரவியது. அந்த வருஷம் சித்திரைக்கு நாகப்பட்டினத்திலிருந்து பெரிய நாடகக் கம்பெனி ஒன்று கப்பலேறி வருவதாக ஏற்பாடு. கொட்டகை இருந்தால் பிரிக்பீல்ட்ஸில் ஆடுவார்கள்; இல்லாவிட்டால் நேராக ஈப்போவுக்குப் போய்விடுவார்கள். சின்னையா மேஸ்திரி அவர்களோடு ஒரே மேடையில் ஒரு ராஜா வேஷமாவது கட்டிவிடுவது என்று மீசையை வளர்த்துக்கொண்டிருந்தார். அவர் நேராக வேலாயுதத்தின் வீட்டுக்கு வந்தார்.

"என்னடா வேலா, மேடையைக் கொண்டுபோய்க் குழாயடியில கட்டிப் போட்டிருக்கியாமே?"

"உட்காருங்கண்ணே. காப்பி குடிக்கிறீங்களா?"

"காப்பி கெடக்கட்டும். இங்க பாரு. உனக்கு வேண்டியது உன் பொண்டாட்டிக்கும் மகளுக்கும் மறைப்பு. சரிதான? நாளைக்கே என் கேங் ஆளுங்களை அனுப்பறேன். உன் வீட்டுக்குப் பின்னால அத்தாப்பு ஓலை வச்சு ஒரு தட்டி அடிச்சுக் குடுத்திடறேன். குழாயிலேருந்து தண்ணி கொண்டாந்து ஊத்த ஆளும் தர்றேன். ஜம்முன்னு குளிக்கட்டும். நீ அந்தக் கட்டை அவிழ்த்துடு."

உண்மையைச் சொல்ல வேண்டுமானால் வேலாயுதத்துக்கு ஆசை வந்துவிட்டது. நாளைக்கே! மகள் நாளை மறுநாள் வெளிச்சத்தில் குளிக்கலாம். சபை, தீர்மானம், கூட்டம் ஒன்றும் வேண்டாம். அவர் உள்ளே பார்த்தார். இராஜம்மா கோணல் கையால் முறத்தை இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"மேஸ்திரி அண்ணே," என்றாள் அவள், "தட்டி அடிச்சா நல்லம்மா அக்கா எங்க நிப்பாங்க?"

"நல்லம்மாளுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சம்பந்தம் ஒன்னுமில்ல. பக்கத்து வீடு. நான் தட்டிக்குள்ள உச்சி வெயில்ல எண்ணெய் தேச்சு முழுகுவேன், அவங்க இருட்டுல பாசியில நிப்பாங்க. அப்புறம் நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவங்ககிட்ட உப்பு கேக்குறது?"

சின்னையா எழுந்துவிட்டார். வாசலில் நின்று, "பொம்பளை பேச்சைக் கேட்டு மேடையைக் கவுக்காதடா!" என்று ராஜபார்ட் குரலில் ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போனார். தெருவே திரும்பிப் பார்த்தது.

வேலாயுதம் வாசலிலிருந்து உள்ளே வந்தார். "கிட்டத்தட்ட சரின்னு சொல்லிட்டேன், புள்ள."

"தெரியும். உங்க மூஞ்சியைப் பாத்தேன்ல," என்று சொல்லி முறத்தைத் தட்டினாள் இராஜம்மா.

பொங்கலுக்கு மறுநாள் சபை கூடியது. ஆண்கள் உள்ளே பாயில் உட்கார்ந்தார்கள். பெண்கள் வழக்கம்போல ஜன்னல் ஓரத்தில் வெளியே. ராதாகிருஷ்ணன் இரண்டு தீர்மானங்களையும் பூட்டையும் வாசித்தார். முணுமுணுப்பு எழுந்தது. அப்போது சின்னையா கையை உயர்த்தினார். முகத்தில் ஒரு பெரிய கருணை.

"சபையோரே! தம்பி வேலாயுதம் நல்ல யோசனை சொன்னான். ஆனா ஒன்னு விட்டுப் போச்சு. மறைப்பு யாருக்கு? மேல் லயத்துக்கு மட்டுமா? நமக்குள்ள ஒத்துமை வேண்டாமா? அந்த மறைப்பு மேல் லயம், கீழ் லயம் ரெண்டுக்கும் பொது. எல்லாப் பொம்பளைங்களும் ஒரே நேரத்துல உள்ள போகலாம், ஒருத்தரும் ஒருத்தரை நிறுத்தக் கூடாது. இதை மூணாவது தீர்மானமா எழுதுங்க, கிராணியாரே. எழுதி, மூணையும் சேர்த்துப் பூட்டுங்க!"

அவருடைய ஆட்கள் இருவர் உடனே ஆமோதித்தார்கள்.

அவர் போட்ட கணக்கு எல்லாருக்கும் புரிந்தது. மேல் லயத்து ஆண்கள், கேங்கில் கூடை தூக்குகிற பெண்களோடு தங்கள் வீட்டுப் பெண்கள் ஒரே சுவருக்குள் குளிப்பதற்குக் கை தூக்கமாட்டார்கள். மூன்றாவது விழும். அது விழுந்தால் மறைப்பும் விழும். அந்தப் பயத்தில் வேலாயுதமே ஓடி வந்து பூட்டைக் கழற்றச் சொல்லுவான். கழன்ற பிறகு கொட்டகை தனியாக நிறைவேறிவிடும். பொங்கல் சாப்பாட்டுக்காகக் கூட்டத்தை நிறுத்தினார்கள். சாப்பிட்ட பிறகு கை தூக்குவது என்று முடிவு.

வேலாயுதம் சாப்பிடவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். எதிரே குழாயடியில் பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்க வீட்டு ஆம்பளை கை தூக்கமாட்டாரு, இராசம்மா. சொல்லிட்டேன்," என்றாள் நல்லம்மாள். அவள் புருஷன் பட்டறையில் கொல்லர். "கீழ் லயத்துப் பொம்பளைங்களோட ஒரே சுவத்துக்குள்ளயா?"

"இப்ப எங்கக்கா குளிக்கிறீங்க?"

"இதே குழாயிலதான்."

"அவங்க?"

"இதே குழாயிலதான். அது இருட்டுலடி! யாரு எவருன்னு யாருக்குத் தெரியுது?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது நல்லம்மாளுக்கே காதில் விழுந்தது போலிருந்தது. ஓரிருவர் சிரித்தார்கள். குடத்தோடு தள்ளி நின்ற மாரியாயி சும்மா இருக்கவில்லை.

"எங்களுக்கு மட்டும் உங்க கூடக் குளிக்க ஆசையாக்கும்? சீயக்காயைக் கையில எடுத்தா ஊருக் கதை முடியுற வரைக்கும் நீங்க எழுந்திருக்க மாட்டீங்க. நாங்க வேலைக்குப் போக வேண்டாமா?"

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். நல்லம்மாள் சிரிக்கவில்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு உன்னைத் தூக்கினது இவதான?" என்று இராஜம்மாவிடம் கேட்டாள்.

"ஆமாக்கா. நீங்களும்தான் அங்க நின்னீங்க. பயந்து கத்தினீங்க."

"கத்தினேன்," என்று ஒத்துக்கொண்டாள் நல்லம்மாள். பிறகு பாத்திரங்களை அள்ளிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். உள்ளே அவள் கொல்லரிடம் என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது; அவர் வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது.

வேலாயுதம் அங்கேயே உட்கார்ந்து யோசித்தார். கேபினில் ஒரு சிக்னலுக்குப் பின்னால் மூன்று, நான்கு பூட்டுகள் கூட உண்டு. பூட்டு அதிகமாகிவிட்டது என்று எவனும் சிக்னலைக் கைவிடுவதில்லை. சிக்னல் வேண்டியவன் ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டு வருகிறான். சரி, இங்கே சிக்னல் எது? அதற்காகத் துடிக்கிறவன் யார்? இதை நினைத்ததும் அவர் எழுந்து சபைக்கு நடந்தார்.

அதுவரை அவர் சபையில் எழுந்து நின்று பேசியதே இல்லை. இப்போது எழுந்து நின்றார்.

"மேஸ்திரி அண்ணன் போட்ட பூட்டை நான் ஒத்துக்கிறேன். கழட்ட வேண்டாம். கிராணியாரே, ஒரு சந்தேகம். மூணாவது தோத்தா மறைப்பு தோத்துப்போகும், சரி. அப்புறம்?"

"பூட்டினது மூணையும்," என்றார் ராதாகிருஷ்ணன். "மூணும் தோக்கும்."

"கொட்டகையுமா?"

"கொட்டகையும்தான். அடுத்த பொங்கல் வரைக்கும் பேச்சே எடுக்க முடியாது."

"அப்போ நாகப்பட்டினத்துக்காரங்க?"

"ஈப்போவுக்குப் போவாங்க."

பின்வரிசை இளவட்டங்கள் குதித்தெழுந்தார்கள். "ஈப்போவுக்கா? என்ன மேஸ்திரியாரே, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" சின்னையா, தன் தீர்மானத்தைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆமோதித்து எழுதியாகிவிட்டது, சபை சம்மதித்தால்தான் திரும்ப எடுக்கலாம் என்றார் ராதாகிருஷ்ணன். வேலாயுதம் பூட்டைக் கழற்றச் சொல்லி ஓடி வருவார் என்று எல்லாரும் பார்த்திருக்க, கழற்றச் சொல்லிக் கெஞ்சுகிறவர் சின்னையாவாக இருந்தார்.

"திரும்ப எடுக்கக் கூடாது!" என்று கீழ் லயத்துக் கேங் ஆட்கள் சொன்னார்கள். சின்னையாவுக்குப் பயந்து சபையில் வாயே திறக்காதவர்கள் அவர்கள்.

"அடப்பாவி வேலா!" என்றார் சின்னையா. "என் தண்டவாளத்துலயே என்னைக் கவுத்திட்டியேடா!"

"கவுக்கலண்ணே. வழி திரும்பியிருக்கு. நீங்க கையைத் தூக்கினா சிக்னல் விழும்."

முதலில் கீழ் லயத்துக் கைகள் உயர்ந்தன. இளவட்டங்களின் கைகள். கொல்லர், ஜன்னல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, காதைச் சொறிகிறவர் போலத் தூக்கினார். மேல் லயத்தில் பலர் தூக்கவில்லை. சிலர் எழுந்தே போய்விட்டார்கள். கடைசியாகச் சின்னையா மேஸ்திரி, வேஷம் கலைந்த ராஜாவைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, மேடைக்காகத் தன் கையைத் தூக்கினார். மூன்றும் நிறைவேறின. அந்த வருஷம் யாரும் கை தட்டவில்லை.

கை தூக்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை. அதற்குப் பிந்திய நாட்கள்தான் வேலாயுதத்துக்கு மிகவும் கஷ்டமானவை. கொட்டகைக்கு வந்த மரங்கள் மழையில் நனைந்து கிடந்தன. தேநீர்க் கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருவன், "வாங்க, தண்ணித் துறை மந்திரி!" என்றான். அவர் தேநீரைக் குடித்துவிட்டு, வேலை முடிந்து வந்து, சூளையில் கழித்துப் போட்ட உடைசல் செங்கலைத் தலையில் சுமந்தார். முதலில் அவரும் ராதாகிருஷ்ணனும் கீழ் லயத்து ஆட்களும் மட்டும். கிராணியார் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாந்து குழைப்பதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. ஆனால் சித்திரை நெருங்க நெருங்க, நாடகப் பைத்தியங்களுக்குப் பொறுக்கவில்லை. சுவர் எழும்பாமல் மேடை எழும்பாது. வேறு வழியில்லாமல் அவர்களும் வந்து செங்கல் தூக்கினார்கள், திட்டிக்கொண்டே தூக்கினார்கள். சுவர் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தது.

"முடிஞ்சுது! குழி வெட்டுங்கடா!" என்றார் சின்னையா.

"கதவு?" என்றார் வேலாயுதம்.

"ஒரு சாக்கைத் தொங்கவிடுடா!"

"காத்தடிச்சா சாக்கு பறக்கும், அண்ணே. கதவு இல்லாத மறைப்பு மறைப்பு இல்ல. வேலை முடியல."

அன்று சின்னையா அவரை அடிக்கக் கை ஓங்கிவிட்டார். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். இங்கே வேலாயுதத்தின் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். பிடிவாதம் வந்துவிட்டால் அவர் எதிரிலிருப்பவனின் முகத்தைப் பார்க்கமாட்டார். கப்பல் போர்ட் ஸ்வெட்டன்ஹாமுக்கு வர இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. தச்சர் கோயில் வேலையாக ரவாங்குக்குப் போய்விட்டார். கதவுக்குப் பலகை இல்லை. மேஸ்திரியின் கண்ணில் தண்ணீர் நின்றது. அதை வேலாயுதம் கவனிக்கவே இல்லை. கவனித்தவள் இராஜம்மா. அவள்தான் மெல்ல, "மேஸ்திரி அண்ணே, உங்க அரண்மனை வாசல் சும்மாத்தானே சாத்தி வச்சிருக்கு?" என்று கேட்டாள்.

முந்தின வருஷம் நாடகத்துக்காகச் செய்த வாசல் அது. நல்ல தேக்கு. இரண்டு பக்கமும் சிங்கம், மேலே கிரீடம், தங்க நிற வர்ணம். சின்னையா தன் வீட்டுச் சுவரில் சாத்தி, துணி போட்டு மூடி வைத்திருந்தார். அவர் இராஜம்மாவைப் பார்த்தார். அவளுடைய கையைப் பார்த்தார். போய், தானே முதுகில் சுமந்து கொண்டுவந்து, தன் கையாலேயே கீல் வைத்து அறைந்தார். "கம்பெனிக்காரங்ககிட்ட வேற வாசல் இருக்கும்," என்று முணுமுணுத்தார். அப்புறம் வேலாயுதத்தைப் பார்த்து, "இப்பவாவது விழுமாடா உன் சிக்னல்?" என்றார்.

"விழுந்துடுச்சு, அண்ணே," என்றார் வேலாயுதம். முதல் குழியை அவரே வெட்டினார்.

இரவும் பகலுமாக வேலை செய்து கொட்டகையை எழுப்பிவிட்டார்கள். சபையில் இன்றைக்கும் யாராவது வாயால் மட்டும் ஒன்றுக்குச் சம்மதித்தால், "வேலாயுதம் பூட்டுப் போடுங்க" என்கிறார்கள். மேல் லயத்தில் இரண்டு மூன்று வீடுகள் வெகு காலம் அந்தக் கதவுக்குள் போகவில்லை என்பதும் உண்மைதான்.

நாடகம் தொடங்கும் நாள் சாயங்காலம், வேலாயுதம் கேபின் வேலை முடிந்து பசியோடு வீட்டுக்கு வந்தார். அடுப்பு அணைந்து கிடந்தது. பக்கத்து வீட்டிலும் புகை இல்லை. லயம் முழுக்க எந்த வீட்டிலும் சோறு ஆகவில்லை. ஆண்களெல்லாம் தெருவில் நின்று விழித்தார்கள். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சிங்கக் கதவு உள்ளே தாழிட்டிருக்க, சுவருக்கு மேலே தண்ணீர்ச் சத்தமும் சீயக்காய் வாசமும், நல்லம்மாளின் குரலும், மாரியாயியின் சிரிப்பும், நடு நடுவே தனலெட்சுமியின் கூச்சலும் வந்துகொண்டிருந்தன. கிள்ளான் ரயில் ஒன்று பக்கத்திலேயே ஊதிக்கொண்டு போனது. உள்ளே ஒருவரும் குரலைக் குறைக்கவில்லை.

கொட்டகைப் பக்கமிருந்து சின்னையா ஓடி வந்தார். முகத்தில் பாதி அரிதாரம், பாதி சின்னையா.

"ஏம்மா, எவ்வளவு நேரம்? மத்தளம் தட்டியாச்சு! பொம்பளைங்க பாய் எல்லாம் காலியா கெடக்கு, யாருக்கு ஆடுறது?"

"ஆடுங்க, அண்ணே, ஆடுங்க! முதுகு தேச்சிட்டு வர்றோம்!" என்றது இராஜம்மாவின் குரல்.

சின்னையா வேலாயுதத்தைத் திரும்பிப் பார்த்தார், நீயாவது சொல்லு என்பதுபோல. வேலாயுதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுப்புப் பற்றவைக்க வீட்டுக்குள் போனார்.